கடை வளராததற்குக் காரணம் பணமா, சாவிக்கொத்தா?

மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் எனும் தொழில் வட்டாரங்களில் பருத்தித் துணி நெய்யும் ஆலைகள் பல இருக்கின்றன. அங்கே ஒரு முதலாளியின் தொழில் எவ்வளவு பெரியது என்று ஆலைக்குள் போகாமலேயே ஊகிக்க வேண்டுமா? அவருடைய வங்கிக் கணக்கைக் கேட்க வேண்டாம். என்ன இயந்திரம் வைத்திருக்கிறார் என்றும் கேட்க வேண்டாம். “உங்களுக்கு எத்தனை மகன்கள்? எத்தனை அண்ணன் தம்பிகள்?” என்று கேட்டால் ஓரளவு சரியாகச் சொல்லிவிடலாம்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகப் பொருளியலாளர் நிக்கலஸ் புளூமும் அவருடைய சகாக்களும் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் வரும் செய்தி இது. அவர்கள் பார்த்த நிறுவனங்களின் அளவோடு மிக நெருக்கமாகப் பொருந்தியது நிர்வாகத் திறன் அன்று, குடும்பத்தில் உள்ள ஆண்களின் எண்ணிக்கை. அவற்றுள் மிகச் சிறப்பாக நிர்வகிக்கப்பட்ட நிறுவனத்துக்கு ஒரே ஓர் ஆலைதான் இருந்தது. அதன் முதலாளிக்கு உடன்பிறந்த சகோதரரும் இல்லை, மகனும் இல்லை. இரண்டாவது ஆலையைக் கட்டினால் அதை யாரிடம் விடுவது?

பல்கலைக்கழகத்தில் வணிகவியலோடு சமூகவியலும் படிக்கும் எனக்கு இந்தப் பருவத்தில் ஒரு பாடம் அமைந்தது. நிறுவனங்கள் எப்படி வளர்கின்றன, ஏன் வளர்கின்றன என்பதே அதன் கேள்வி. வணிகப் பாடம் என்று நினைத்துப் போனால், வாசிப்புப் பட்டியலில் உளவியலாளர், மானுடவியலாளர், இயற்பியலாளர், வரலாற்றாய்வாளர் என்று எல்லாரும் இருந்தார்கள். முதல் வாரத்தில் தலை சுற்றியது உண்மை. ஆனால் வாசிக்க வாசிக்க, வெவ்வேறு பாதையில் வந்தவர்கள் பலரும் ஒரே இடத்துக்கு அருகில் வந்து நிற்பதுபோல் எனக்குத் தோன்றியது. அந்த இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஐந்து மாத ஆலோசனை

மும்பை ஆய்வை இன்னும் கொஞ்சம் பார்ப்போம். 17 நிறுவனங்கள், அவற்றுக்கு 28 ஆலைகள். ஒவ்வொரு நிறுவனத்திலும் சராசரியாக 270 பேர் வேலை செய்தார்கள். ஆய்வாளர்கள் இந்த நிறுவனங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு, அனைத்துலக ஆலோசனை நிறுவனம் ஒன்றின் ஆலோசகர்கள் ஐந்து மாதம் இலவசமாக வந்து உதவினார்கள். மற்றொரு பிரிவுக்கு ஒரு மாதம் நிலவரத்தை அறியும் பரிசோதனை மட்டும். புதிய மருந்தைச் சோதிக்கும் மருத்துவர்கள் செய்வதைப் போன்ற ஏற்பாடு.

ஆலோசகர்கள் பெரிதாக மந்திரம் எதுவும் போடவில்லை. நூல் இருப்பைக் கணக்கெழுதி வகை பிரித்து அடுக்குவது, தரையைச் சுத்தமாக வைப்பது, இயந்திரம் பழுதாகும் முன்பே பராமரிப்பது, துணியில் எங்கே குறை வருகிறது என்று தினமும் குறித்து வைப்பது என்று மொத்தம் 38 நடைமுறைகளைப் பட்டியல் போட்டார்கள். பள்ளி அறிவியல் கூடத்தில் ஆசிரியர் நமக்குச் சொல்வதைவிட இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 விழுக்காடு உயர்ந்தது.

இவ்வளவு எளிது என்றால் முதலாளிகள் ஏன் முன்பே செய்யவில்லை? சில நடைமுறைகளை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. வேறு சிலவற்றைக் கேள்விப்பட்டும், ‘நம் ஆலைக்கு அது தேவையில்லை, நம் தரம் மற்றவர்களுக்குச் சளைத்ததல்ல’ என்று இருந்துவிட்டார்கள். நன்றாக நடத்தாத ஆலைகளைப் போட்டி சந்தையிலிருந்து விரட்டியிருக்க வேண்டும் என்று பொருளியல் பாடம் சொல்லும். அதுவும் நடக்கவில்லை. நன்றாக நடத்துபவரே இரண்டாவது ஆலை கட்டத் தயங்கும்போது மோசமாக நடத்துபவர்மீது என்ன நெருக்குதல் வரும்?

தயக்கத்துக்குக் காரணம் நம்பிக்கை. குடும்பத்துக்கு வெளியே இருக்கும் மேலாளருக்குச் சிறு செலவைத் தாண்டி முடிவெடுக்கும் உரிமை இல்லை. அவர் நூலையோ பணத்தையோ திருடிவிட்டால் நீதிமன்றத்தில் தீர்ப்புக் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதனால் ஒவ்வொரு முடிவும் முதலாளியின் மேசைக்கே வருகிறது. ஒரு மனிதருக்கு ஒரு நாளில் 24 மணி நேரம்தான்.

இங்கே ஒரு சுவையான திருப்பம் உண்டு. ஆலோசனை பெற்ற நிறுவனங்கள் சில ஆண்டுகளில் கூடுதல் ஆலைகளைத் திறந்தன. தினசரிக் கணக்கு கையில் வந்ததும், நேரில் நிற்காமலேயே என்ன நடக்கிறது என்று முதலாளிகளால் பார்க்க முடிந்தது. அதனால் மேலாளர்களிடம் கொஞ்சம் கூடுதலாகப் பொறுப்பைக் கொடுக்கத் துணிந்தார்கள். குறிப்பேடு ஒன்று ஒரு தம்பியின் வேலையைச் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

2017ல் ஆய்வாளர்கள் திரும்பவும் அதே ஆலைகளுக்குப் போனார்கள். கற்றுக்கொடுத்த நடைமுறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தது. ஆலையின் மேலாளர் மாறியதும், முதலாளிக்கு நேரம் இல்லாமல் போனதும் முக்கியக் காரணங்கள். ஆனாலும் ஆலோசனை பெறாத ஆலைகளைவிட அவை முன்னேறியே இருந்தன.

தனி ஆலைகளை விட்டு நாடுகளை ஒப்பிட்டாலும் படம் இப்படித்தான். சாங்-டாய் ஷியே, பீட்டர் கிளெனோ என்ற இரு பொருளியலாளர்கள் 2014ல் வெளியிட்ட கணக்கின்படி, அமெரிக்காவில் 40 ஆண்டு பழைய தொழிற்சாலையில் சராசரியாக, தொடங்கி ஐந்தாண்டுக்கு உட்பட்ட தொழிற்சாலையைப் போல ஏழு மடங்குக்கும் அதிகமானோர் வேலை செய்கிறார்கள். இந்தியாவிலும் மெக்சிகோவிலும் அதே கால இடைவெளியில் வளர்ச்சி சுமார் இரண்டு மடங்குதான்.

பென்ரோஸ் அம்மையார் சொன்னது

இந்த முடிச்சை 1959லேயே ஒருவர் விளக்கிவிட்டார். எடித் பென்ரோஸ் 1914ல் லாஸ் ஏஞ்சலிசில் பிறந்தவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று அங்கேயே ஆய்வில் இருந்தார். அந்தக் காலப் பொருளியல் பாடநூல்களில் நிறுவனம் என்பது ஒரு கறுப்புப் பெட்டி. ஒரு பக்கம் முதலும் உழைப்பும் போகும், மறுபக்கம் பொருள் வரும். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் அதிகம் கேட்கவில்லை.

பென்ரோஸ் பெட்டிக்குள் போனார். 1954ன் கோடைக்காலத்தை ‘ஹெர்குலிஸ் பவுடர்’ என்ற அமெரிக்க நிறுவனத்தில் கழித்தார். டூபாண்ட் நிறுவனத்தை நீதிமன்றம் பிரித்தபோது உருவான வெடிமருந்து நிறுவனம் அது. பிறகு அது பைன் மர அடிக்கட்டைகளிலிருந்து பிசினும் டர்பன்டைனும் எடுக்கும் தொழிலுக்குப் போனது. அதிலிருந்து இன்னும் பல வேதிப்பொருள்களுக்குப் போனது. ஒவ்வொரு முறையும் ஏற்கெனவே கையில் இருந்த அறிவும் ஆட்களுமே அடுத்த தொழிலுக்கு வழி காட்டினார்கள்.

அவருடைய ‘நிறுவன வளர்ச்சிக் கோட்பாடு’ நூலின் சாரத்தை என் சொற்களில் சொல்கிறேன். ஒரு வேலையில் பழகப் பழக மேலாளர்களுக்கு அதற்குத் தேவைப்படும் நேரம் குறைகிறது. மிஞ்சும் திறன் புதிய வேலையைத் தேடுகிறது. வளர்ச்சிக்கான உந்துதல் அங்கிருந்து வருகிறது. ஆனால் வளர்வதற்குப் புதிய மேலாளர்கள் வேண்டும். அவர்களைச் சந்தையில் வாங்கி மறுநாளே உட்கார வைக்க முடியாது. பழைய ஆட்கள்தான் பழக்கிவிட வேண்டும். பழக்கும் நேரத்தில் பழைய ஆட்களால் தங்கள் வேலையைப் பார்க்க முடியாது. ஆகவே எவ்வளவு பணம் இருந்தாலும் ஒரு நிறுவனம் வளரும் வேகத்துக்கு உள்ளேயே ஒரு கடிவாளம் இருக்கிறது. ஆய்வாளர்கள் இன்று இதைப் ‘பென்ரோஸ் விளைவு’ என்கிறார்கள்.

கவனித்துப் பார்த்தால், ஒரு நிறுவனம் எவ்வளவு பெரிதாக முடியும் என்பதைவிட எவ்வளவு விரைவாகப் பெரிதாக முடியும் என்பதே அவருடைய கேள்வி. ஓராண்டில் ஐந்து கிளை திறந்து, இரண்டாம் ஆண்டில் எல்லாவற்றையும் மூடும் குமிழித் தேநீர்க் கடைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த அம்மையார் நினைவுக்கு வருகிறார். அவர் பின்னர் பாக்தாத்திலும் லண்டனிலும் கற்பித்து 1996ல் மறைந்தார். பொருளியல் துறை அவரை நீண்ட காலம் ஓரமாகவே வைத்திருந்தது. நிர்வாகவியல் துறைதான் தூக்கிப் பிடித்தது.

மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு விடை

மகன்கள் எத்தனை என்பதே எல்லை என்றால், அந்த எல்லையைத் தாண்டியவர்களே இல்லையா? இருந்தார்கள். நம் ஊரிலேயே இருந்தார்கள். மார்க்கெட் ஸ்திரீட்டில் இப்போது வானளாவிய கட்டடங்கள் நிற்கின்றன. ஒரு காலத்தில் அங்கே செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. தேங்க் ரோடு முருகன் கோயிலை 1859ல் எழுப்பிய அதே நகரத்தார் சமூகம்தான். நீண்ட கூடம், அதில் வரிசையாகப் பல நிறுவனங்கள், ஒவ்வொன்றுக்கும் தரையில் ஒரு மரப்பெட்டியும் கணக்கேடும்.

முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில் இருப்பார். தொழிலோ இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர், சைகோன் என்று பரவியிருக்கும். தொலைபேசி இல்லாத காலத்தில் இது எப்படிச் சாத்தியமானது? ஏஜெண்டு என்ற மேலாள் பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்கு வருவார். தவணை முடிந்ததும் அடுத்தவர் வந்து கணக்கைப் பொறுப்பேற்பார். மேலாளுக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன்கள். சிறுவனாக வந்தவன் கணக்கெழுதிப் பழகி, படிப்படியாக ஏறி, ஒருநாள் தானே மேலாள் ஆவான். கையாடல் செய்தால் செய்தி அடுத்த கப்பலில் ஊருக்குப் போய்விடும். பிறகு அவருக்கு எந்த நிறுவனத்திலும் வேலை இல்லை. வீட்டில் திருமணப் பேச்சும் நின்றுபோகும்.

பென்ரோஸ் சொன்ன பழக்கும் வேலையை இவர்கள் தொடர்ந்து நடக்கும் ஒரு வரிசையாகவே அமைத்துவிட்டார்கள். மும்பை முதலாளிகள் அஞ்சிய திருட்டுக்கு நீதிமன்றத்துக்குப் பதிலாக ஊரையும் கோயிலையும் காவல் வைத்தார்கள். டேவிட் ரட்னர் என்ற மானுடவியலாளர் 1994ல் நகரத்தாரைப் பற்றி எழுதிய நூலில், அவர்களின் சாதி அமைப்பே ஒரு வங்கி அமைப்பாக இயங்கியதைக் காட்டுகிறார். வட்டித் தொழிலால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்பது வேறொரு பெரிய விவாதம். சாவியைக் கைமாற்றும் முறையைத்தான் இங்கே பார்க்கிறேன். அந்த முறையிலும் ஒரு சுவர் இருந்தது. வட்டத்துக்கு வெளியே பிறந்த ஒருவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் மேலாள் ஆக முடியாது. பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதே கேள்வியோடு இந்தோனீசியாவுக்குப் போனவர் மானுடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ். 1950களில் இரண்டு ஊர்களில் தங்கிப் பார்த்து 1963ல் நூலாக எழுதினார். கிழக்கு ஜாவாவில், ‘மொஜோகூத்தோ’ என்று அவர் புனைபெயர் வைத்த ஊரின் வணிகர்கள் சிக்கனமானவர்கள், கடும் உழைப்பாளிகள். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனி. சந்தையில் ஒருவருக்கொருவர் பேரம் பேசத் தெரிந்த அவர்களால் ஒன்றுசேர்ந்து ஒரு நிறுவனத்தை நிறுத்த முடியவில்லை. பாலித் தீவின் தபனான் நகரில் நேர்மாறு. பழைய அரச குடும்பத்தினர் ஊராரின் விசுவாசத்தைக் கொண்டு பணத்தையும் ஆட்களையும் எளிதில் திரட்டினார்கள். தொழில்கள் பெரிதாகின. ஆனால் ஊராருக்கெல்லாம் வேலையும் பங்கும் கொடுக்க வேண்டிய கடமை லாபத்தைத் தின்றது.

ஓர் இடத்தில் உறவு போதவில்லை, இன்னோர் இடத்தில் உறவே பாரம். தொடக்கக் கல்லூரியில் நான் வரைந்த தேவை, வழங்கல் கோடுகளில் இதற்கு இடமே இல்லை.

பணம் கொடுத்தால் போதுமா?

பணம் முக்கியமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2005 முதல் இலங்கையின் தென்மேற்கு, தெற்குக் கரையோர மாவட்டங்களில் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டஃபர் உட்ரஃப் ஆகியோர் ஒரு சோதனை நடத்தினார்கள். மிகச் சிறு தொழில் செய்வோரில் குலுக்கல் முறையில் தேர்ந்தவர்களுக்கு 10,000 ரூபாய் அல்லது 20,000 ரூபாய் மதிப்புள்ள பணமோ பொருளோ இலவசமாகக் கொடுத்தார்கள். சராசரியாக அந்த முதல் மாதத்துக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு ஈட்டியது. எந்த வங்கியும் அப்படி வட்டி கேட்பதில்லை. அதாவது, கையில் முதல் இல்லாமல் பல நல்ல தொழில்கள் முடங்கிக் கிடந்தன.

ஆனால் அந்த ஈட்டம் முழுவதும் ஆண்களின் தொழிலில்தான் தெரிந்தது. பெண்கள் நடத்திய தொழில்களில் சராசரி லாபம் உயரவே இல்லை. ‘பெண்களுக்குத் தொழில் வராது’ என்று முடிவு கட்டுவதற்கு இதைவிட வசதியான எண் கிடைக்காது. பல ஆண்டுகள் கழித்து, 2019ல், வேறொரு குழுவினர் இலங்கைத் தரவுகளோடு இந்தியா, கானா தரவுகளையும் சேர்த்து மறுபடி அலசினார்கள். கடையைப் பார்க்காமல் வீட்டைப் பார்த்தார்கள். வீட்டில் அந்தப் பெண்ணின் தொழில் ஒன்றே இருந்த இடத்தில் அவருக்கும் நல்ல லாபம் வந்திருந்தது. கணவருக்கும் ஒரு தொழில் இருந்த வீடுகளில், மனைவிக்குக் கொடுத்த முதல் கணவரின் தொழிலுக்குப் போயிருந்தது. கடையைத் தனியாகப் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத விடை குடும்பத்தைப் பார்க்கும் கண்ணுக்குத் தெரிந்தது. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பயிற்சியைப் பற்றியும் ஒரு செய்தி. மேற்கு ஆப்பிரிக்க நாடான டோகோவில் 1,500 சிறு தொழில்முனைவர்களை 500 பேர் கொண்ட மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கணக்கு, சந்தைப்படுத்துதல் போன்ற வழக்கமான வணிகப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு உளவியல் அடிப்படையிலான பயிற்சி: யாரும் சொல்லாமல் தானே தொடங்குவது, நாளை வரக்கூடிய வாய்ப்பையும் சிக்கலையும் முன்கூட்டியே யோசிப்பது, தடை வந்தால் விடாமல் வேறு வழி தேடுவது. மூன்றாம் குழுவுக்குப் பயிற்சி இல்லை. இரண்டாண்டுக்கு மேல் கண்காணித்ததில், உளவியல் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 விழுக்காடு உயர்ந்திருந்தது. வழக்கமான பயிற்சியில் 11 விழுக்காடு. புள்ளியியல்படி அதைத் தற்செயலிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. பெண்களை மட்டும் பார்த்தால் 40க்கு 5. அறிவியல் சஞ்சிகையான ‘சயன்ஸ்’ 2017ல் வெளியிட்ட இந்த ஆய்வில் பொருளியலாளர்களோடு இணைந்த உளவியலாளர் மைக்கேல் ஃபிரேசே, அப்போது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வர்த்தகப் பள்ளியில் இருந்தவர்.

இருந்தாலும் இதை வைத்து ‘மனம் இருந்தால் போதும்’ என்று மேடையில் முழங்குவோருடன் எனக்கு உடன்பாடு இல்லை. டோகோவின் கடைகள் மிகச் சிறியவை. அங்கே முதலாளியின் மனமே நிறுவனம். பத்துப் பேர் வேலைக்கு வந்த பிறகு கதை மாறிவிடுகிறது.

தலையா, பூவா?

உந்துதல் உரைகளைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1,024 கடைக்காரர்கள் ஆண்டுக்கு ஒருமுறை நாணயம் சுண்டுகிறார்கள் என்று வையுங்கள். தலை விழுந்தால் வியாபாரம் வளரும், பூ விழுந்தால் சுருங்கும். பத்தாண்டுகளில் எல்லா முறையும் தலை விழுந்தவராக ஏறத்தாழ ஒருவர் இருப்பார். அவருக்குத் திறமை கூடுதல் இல்லை. ஆனால் வெற்றியின் ரகசியம் பற்றிப் புத்தகம் எழுதப்போவது அவர்தான்.

பிரெஞ்சுப் பொறியாளர் ரொபேர் ஜிப்ரா 1931ல் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொன்னார். ஒரு நிறுவனத்தின் வளர்ச்சி விகிதத்துக்கும் அதன் அளவுக்கும் தொடர்பில்லை. தற்செயல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகியே சில நிறுவனங்கள் பெரிதாகவும் பல சிறிதாகவும் ஆகின்றன. 1996ல் இயற்பியலாளர் குழு ஒன்று அமெரிக்கப் பங்குச் சந்தையில் உள்ள உற்பத்தி நிறுவனங்களின் 1975 முதல் 1991 வரையிலான தரவுகளை எடுத்துப் பார்த்தது. ஜிப்ரா முழுவதும் சரியில்லை என்று தெரிந்தது. நிறுவனம் பெரிதாக ஆக, அதன் வளர்ச்சியின் ஏற்ற இறக்கம் ஒரு சீரான விதிப்படி குறைகிறது. 2015ல் ஜெஃப்ரி வெஸ்ட் உள்ளிட்ட வேறொரு குழு 25,000க்கும் மேற்பட்ட வட அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்து, எந்தத் துறையாக இருந்தாலும் பங்குச் சந்தை நிறுவனங்களில் பாதி சுமார் பத்தாண்டில் மறைந்துவிடுவதைக் கண்டது. மூடப்படுவதைவிட இன்னொரு நிறுவனத்தால் வாங்கப்படுவதும் இதில் சேரும்.

இயற்பியலாளர்களின் கணக்கில் மனிதர்களே இல்லை என்பது என் சமூகவியல் நண்பர்களின் முறைப்பாடு. எனக்கோ அது ஒரு நல்ல கடிவாளம். வென்றவர்களை மட்டும் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் பழக்கத்தை அது தடுக்கிறது.

நம் வீட்டுக் கடைகள்

சிங்கப்பூரில் உள்ள நிறுவனங்களில் ஏறக்குறைய 99 விழுக்காடு சிறிய, நடுத்தர நிறுவனங்கள். ஊழியர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் அவற்றில் வேலை செய்கிறார்கள். இதை வாசிக்கும் உங்களில் பலருடைய பெற்றோரோ மாமாவோ அவர்களில் ஒருவராக இருப்பார்.

என் சித்தப்பா கேட்டரிங் தொழில் செய்கிறார். ஒரே ஒரு சமையற்கூடம். நிச்சயதார்த்தம், வளைகாப்பு, கோயில் அன்னதானம் என்று வார இறுதிகளில் நிற்க நேரமில்லை. இரண்டாவது சமையற்கூடத்துக்கு வங்கி கடன் தரத் தயாராக இருந்தும் அவர் வேண்டாம் என்றார். இயந்திரமும் மென்பொருளும் வாங்க எண்டர்பிரைஸ் சிங்கப்பூரின் மானியம் இருக்கிறது என்று சொன்னேன். “மானியத்துல மாவு அரைக்கிற மெஷின் வரும்மா. நான் காய்ச்சல்ல படுத்தா உப்பு சரியா இருக்கான்னு பாக்கிற ஆள் வருமா?” என்று கேட்டார். குடும்பத்தில் சிலர் அவருக்கு லட்சியம் இல்லை என்கிறார்கள். பென்ரோஸ் நூலை வாசித்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அவருக்கு இரண்டு மகள்கள். மும்பை முதலாளிகளின் கணக்கில் அது பூஜ்யம். மூத்தவள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் உணவு அறிவியல் படிக்கிறாள். எந்தக் காய்கறி எந்த நாளில் விலை குறையும், எந்த வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் ஆள் எண்ணிக்கையைக் கூட்டுவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் ‘இவளுக்குத் தொழிலைக் கொடுக்கலாமா’ என்ற பேச்சு வீட்டில் இதுவரை எழுந்ததில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்கே விருப்பமா என்பதும் எனக்குத் தெரியாது. அவள் விருப்பம் அவளுடையது. ஆனால் கேள்வியே எழாமல் ஒரு தொழில் முடிந்துபோவது வேறு.

எல்லாக் கடையும் வளர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் எரிக் ஹர்ஸ்ட், பென்ஜமின் பக்ஸ்லி என்ற இருவர் 2011ல் வெளியிட்ட ஆய்வின்படி, சிறு தொழில் தொடங்குவோரில் பெரும்பாலோருக்குப் பெரிதாக வளரும் எண்ணமே இல்லை. தனக்குத் தானே முதலாளியாக இருப்பதே அவர்களுக்குப் போதும். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. வளர விரும்பியும் முடியாதவர் யார், விரும்பாதவர் யார் என்று பிரித்துப் பார்ப்பதுதான் கடினம். வெளியிலிருந்து இரண்டும் ஒரே மாதிரியாக, ஒரே ஒரு கடையாகத் தெரியும்.

நம்பிக்கையையும் அளந்திருக்கிறார்கள். அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியாவில் ஏறத்தாழ 4,000 நிறுவனங்களைப் பற்றிய 2012ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், ‘பெரும்பாலான மனிதர்களை நம்பலாம்’ என்று மக்கள் அதிகம் சொல்லும் வட்டாரங்களில் உள்ள நிறுவனங்கள் கிளை மேலாளர்களுக்குக் கூடுதலான அதிகாரம் கொடுப்பது தெரியவந்தது. கேள்வி சமூகவியலாளர்களுடையது, கணக்கு பொருளியலாளர்களுடையது.

பல்கலைக்கழகத்தில் என்ன படிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். தொழில் தொடங்க ஆசைப்பட்டால் கணக்கியலோடு நின்றுவிடாதீர்கள். விருப்பப்பாடத்தில் ஓர் இடம் இருந்தால் உளவியலோ மானுடவியலோ எடுத்துப் பாருங்கள். அந்த வகுப்புகளில் உட்கார்ந்திருப்பவர்களையும் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் அப்படிப் பிடித்துக்கொண்ட இருவரோடு அடுத்த பருவத்தில் ஒரு சிறு ஆய்வு செய்யவிருக்கிறேன். சிராங்கூன் சாலையையும் அதன் கிளைத் தெருக்களையும் சுற்றி, குடும்பமாக நடத்தும் இருபது கடைகளில் பேசிப் பார்க்கும் திட்டம். உளவியல் படிக்கும் தோழி, முதலாளியின் அச்சத்தை அளக்கும் கேள்விகள் வேண்டும் என்கிறாள். தரவு அறிவியல் படிக்கும் நண்பர், இருபது கடையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று ஒவ்வொரு சந்திப்பிலும் நினைவூட்டுகிறார். மகன்களை மட்டும் எண்ணாமல் மகள்களையும் மருமக்களையும் வேலைக்கு வந்தவர்களையும் எண்ண வேண்டும் என்பது என் பிடிவாதம். கேள்வித்தாள் இன்னும் முடியவில்லை. இப்போதைக்கு மூவரும் ஒத்துப்போன கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “கடையை இன்னொருவர் பொறுப்பில் விட்டுவிட்டு, கைப்பேசியைப் பார்க்காமல், நீங்கள் கடைசியாக ஊருக்குப் போய்வந்தது எப்போது?”